தொழிலாளர் வரலாற்றை ஆய்வு செய்வது எப்படி: துறைக்குள் வருபவருக்குச் சில வழிமுறைகள்

தொழிலாளர் வரலாற்றில் முனைவர் பட்டம் செய்ய விரும்பி என்னைப் பார்க்க வரும் மாணவர்களில் பெரும்பாலோர் ஒரு வேலைநிறுத்தத்தைத் தலைப்பாக எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆலை ஓடிக்கொண்டிருக்கும்வரை அங்கே வேலை செய்பவரைப் பற்றி வெளியே யாரும் எதையும் எழுதுவதில்லை. ஆலை நின்றவுடன் காவல்துறை எழுதுகிறது, நாளிதழ் எழுதுகிறது, நிர்வாகம் அரசுக்கு எழுதுகிறது, அரசு தன் மேலிடத்துக்கு எழுதுகிறது. ஆவணக் காப்பகத்தில் கை வைத்தால் முதலில் கிடைப்பது அந்தக் காகிதக் குவியல்தான். ஆனால் முப்பது ஆண்டு வேலை செய்த ஒருவர் அதில் மூன்று மாதம் வேலைநிறுத்தத்தில் இருந்திருந்தால், மீதமுள்ள ஆண்டுகளில் அவர் காலையில் எப்போது எழுந்தார், யாரிடம் கடன் வாங்கினார், எந்த மேஸ்திரிக்குப் பயந்தார், எந்த இயந்திரத்தோடு பழகினார் என்பதெல்லாம் வரலாறு இல்லையா என்ற கேள்வியை நான் அவர்களிடம் கேட்பது வழக்கம். வேலைநிறுத்தத்தைக் கைவிடச் சொல்வதற்காக அல்ல. அதற்கு முந்தைய சாதாரண நாள் எப்படி இருந்தது என்று தெரியாமல், அந்த நாள் ஏன் தாங்க முடியாததாக ஆனது என்று விளக்க முடியாது என்பதற்காகத்தான்.

இந்தக் கட்டுரை அந்த மாணவர்களுக்காக எழுதப்படுகிறது. ஆய்வுத் துறையாகவும் வாழ்நாள் பணியாகவும் தொழிலாளர் வரலாற்றைத் தேர்ந்துகொள்பவர் எங்கே தொடங்க வேண்டும், எதில் நேரம் செலவிட வேண்டும், எங்கே ஏமாறுவார் என்பவற்றை என் அனுபவத்தில் பட்டவாறு சொல்கிறேன்.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

ஒரு நாட்டின் தொழிலாளர் வர்க்கம் எவ்வாறு உருவானது என்பது ஒருவர் ஓய்வுபெறும் காலத்தில் விடை தேடத் தொடங்க வேண்டிய கேள்வி. முதல் ஆய்வுக்கு அது ஆகாது. ஒரு தொழிலில் இரவுப் பணி எப்போது வந்தது, முதலில் யார் அதற்குப் போனார்கள், யார் போக மறுத்தார்கள் என்ற அளவுக்குக் கேள்வி சுருங்கியிருந்தால், எந்தக் காகிதத்தைத் தேட வேண்டும் என்பது தானாகவே தெரியத் தொடங்கும். கேள்வியை முடிவு செய்வதற்கு முன்பே ஆவணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முன்மொழிவை எழுதி, நிதியும் பெற்று, அதன்பின் காப்பகத்துக்குப் போய், தேடிய பதிவேடுகள் எல்லாம் கரையான் தின்றுவிட்டன என்று தெரிந்துகொள்வது இத்துறையில் அடிக்கடி நடக்கும் விபத்து. எனக்கும் ஒரு முறை நடந்தது. ஒரு முழு ஆண்டு போயிற்று.

யாரைத் தொழிலாளர் என்று எண்ணுகிறீர்கள் என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானிக்க வேண்டும். நெடுங்காலம் இத்துறையினர் ஆலைவாயிலுக்குள் கூலிக்குப் போகும் ஆணையும் அவர் சேர்ந்த சங்கத்தையும் மட்டுமே பார்த்துவந்தனர். 1935-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கப்பட்ட பன்னாட்டுச் சமூக வரலாற்று நிறுவனம், சங்கங்களின் காகிதங்களையும் இயக்கத் தலைவர்களின் கடிதங்களையும் காப்பாற்றுவதற்காகவே பெரும்பாலும் பாடுபட்டது. மார்க்ஸ், எங்கெல்ஸ் ஆகியோரின் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள்தாம் கடந்த முப்பது ஆண்டுகளில் அடிமைகள், ஒப்பந்தக் கூலிகள், கப்பல் மாலுமிகள், வீட்டுவேலை செய்பவர்கள், வீட்டிலிருந்தபடி துண்டுவேலை பார்ப்பவர்கள் ஆகியோரையும் சேர்க்காமல் உழைப்பின் வரலாறு முழுமையாகாது என்று வலியுறுத்தி, எல்லையை விரித்தவர்கள். இன்று ஆய்வைத் தொடங்குபவர் இந்த விரிந்த எல்லையிலிருந்து தொடங்குவது நல்லது. அடிமைக்கும் கூலிக்கும் இடையே பாடநூல் போடும் கோடு, தோட்டங்களின் கணக்குப் புத்தகங்களில் அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை.

காகிதத்தை எழுதியவர் யார் என்று கேளுங்கள்

உழைப்பவர்களைப் பற்றிய காகிதங்களில் மிகப் பெரும்பாலானவை அவர்களை வேலை வாங்கியவர்களாலும், எண்ணியவர்களாலும், அஞ்சியவர்களாலும், அவர்கள்மீது இரக்கப்பட்டவர்களாலும் எழுதப்பட்டவை. இந்த நான்கு தரப்பினரையும் ஒரே மாதிரிச் சந்தேகிக்கக் கற்றுக்கொள்வதே முதல் பயிற்சி. இரக்கப்பட்டவரையுமா என்று கேட்கலாம். ஆம், அவரையும்தான்.

இங்கிலாந்தின் நூற்பாலைகளில் குழந்தைகள் படும் பாட்டை விசாரிக்க 1832-இல் நாடாளுமன்ற உறுப்பினர் மைக்கேல் சாட்லர் தலைமையில் ஒரு குழு அமைந்தது. சாட்லர் பத்து மணி நேர வேலைச் சட்டத்துக்காகப் போராடியவர். அவர் முன்னே வந்த சாட்சிகளில் பலர் அந்த இயக்கத்தோடு தொடர்புடையவர்கள். நடக்க முடியாமல் கால் வளைந்த இளைஞர்களும், குழந்தையைத் தூக்கத்திலேயே ஆலைக்குத் தூக்கிச் சென்ற பெற்றோரும் அங்கே பேசினார்கள். ஆலை முதலாளிகள், தங்கள் தரப்பைக் கேட்கவில்லை என்று முறையிட, 1833-இல் ஓர் அரசு ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் ஆணையர்கள் ஆலைகள் இருந்த ஊர்களுக்கே போய் விசாரித்தார்கள். ஒரே ஆலைகளைப் பற்றிய இரண்டு விசாரணைகளில் இரண்டு வேறு படங்கள் கிடைக்கின்றன. எது உண்மை என்று தேர்ந்தெடுப்பதைவிட, சாட்லர் கேட்ட கேள்வியையும் ஆணையர்கள் கேட்ட கேள்வியையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், பதிலைக் கேள்வி எப்படி வடிவமைக்கிறது என்பது கண்முன் தெரியும். விசாரணைக் குழுக்களின் அறிக்கையை மட்டும் படித்துவிட்டுச் சாட்சியத் தொகுதிகளை விட்டுவிடாதீர்கள். ஜே. எச். விட்லி தலைமையில் 1929-இல் அமைந்த இந்தியத் தொழிலாளர் அரச ஆணையத்தின் அறிக்கையை 1931-இல் வெளியானது முதல் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் தொழிலாளர்களே நேரில் வந்து தங்கள் கடனையும் லஞ்சத்தையும் பற்றிச் சொன்னவை சாட்சியத் தொகுதிகளில்தான் கிடக்கின்றன.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தபோது, இயந்திர விசையால் இயங்கி 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்றது. 1891-இல் அந்த வரம்பு 50 ஆனது. 1922-இல் 20 ஆனது. வரம்பு இறங்கியவுடன் பதிவேட்டில் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையும் தொழிலாளர் எண்ணிக்கையும் கூடும். இதை அறியாத ஒருவர் அந்த ஆண்டுகளுக்கு ஒரு வரைபடம் வரைந்து, தொழில் வளர்ச்சி பாய்ச்சல் கண்டது என்று எழுதிவிடுவார். முந்தின நாள்வரை சட்டத்தின் கண்ணில் படாமலிருந்த பட்டறையில் அதே ஆட்கள் அதே வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். பெண்களின் நிலை இன்னும் மோசம். இங்கிலாந்தின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சொந்த வீட்டில் வீட்டுவேலை செய்யும் பெண்களைத் தொழில் இல்லாதவர்கள் என்ற வகைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். ஒரு வகைப்பாட்டு மாற்றம் கோடிக்கணக்கான மணி நேர உழைப்பைத் தாளிலிருந்து துடைத்துவிட்டது.

வயதைக்கூட அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1833-இன் பிரிட்டிஷ் சட்டம் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களை நெசவு, நூற்பு ஆலைகளில் சேர்ப்பதைத் தடுத்தது. அப்போது குடிமைப் பிறப்புப் பதிவே இல்லை. அது 1837-இல்தான் தொடங்கியது. ஆகவே, குழந்தையின் வயதை ஒரு மருத்துவர் தோற்றத்தைப் பார்த்துச் சான்றளித்தார். உயரத்தைவிடப் பல்லைப் பார்த்தால் வயது சரியாகத் தெரியும் என்று ஒரு பல் மருத்துவர் நாடாளுமன்றத்துக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்கு அந்தச் சான்றிதழ்களின் நம்பகம் இருந்தது. ஆலைப் பதிவேட்டில் "வயது 9" என்று பார்த்தால், அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கூலி வேண்டியிருந்தது என்பதைத்தான் நாம் உறுதியாகச் சொல்லலாம்.

ஒரு பதிவேட்டோடு ஒரு வாரம் இருங்கள்

ஆய்வு மாணவர்கள் காப்பகத்துக்குப் போனால் கைப்பேசியில் நாளொன்றுக்கு எண்ணூறு பக்கம் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். வீட்டுக்கு வந்தபின் அவற்றில் பாதியைத் திறப்பதே இல்லை. இதற்கு மாற்றாக ஒரு பயிற்சியை நான் கட்டாயமாக்கியிருக்கிறேன்: ஒரே ஒரு பதிவேட்டை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம், பென்சிலால் கையாலேயே படியெடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காகப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலைப் பார்ப்போம். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு டர்பனை அடைந்தது. 1911 வரை 1,50,000-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இத்தகைய பட்டியல்களில் பொதுவாக ஒருவருக்கு ஒரு வரி: எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், ஊர், உயரம், உடல் அடையாளம், குறிப்பு. முதல் நாளில் எல்லாம் சலிப்பூட்டும். மூன்றாம் நாளில் சில விஷயங்கள் கண்ணில் படத் தொடங்கும். அடுத்தடுத்த எண்களில் ஒரே ஊர்ப் பெயர் நான்கைந்து முறை வந்தால், அவர்கள் தனித்தனியாக ஏமாற்றப்பட்டு வந்தவர்கள் என்ற பழைய விளக்கத்தைச் சற்று நிறுத்திவைத்து, சேர்ந்தே முடிவெடுத்துப் புறப்பட்டார்களோ என்று கேட்கலாம். தந்தை பெயர் இல்லாத பெண் ஒருத்தி, அடுத்த வரியில் கைக்குழந்தை என்றிருந்தால் அங்கே ஒரு நாள் முழுவதும் நிற்கலாம். பெயர்களை எழுதியவர் காதில் கேட்டதை ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார். முனியம்மாவும் முனியாண்டியும் ஒரே பெயராகத் தெரியும் இடங்கள் வரும். உரக்க வாசித்துப் பாருங்கள், கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்.

உடல் அடையாளம் என்ற பத்தி இருப்பதன் நோக்கம், தோட்டத்தைவிட்டு ஓடிப்போனவரைப் பிடித்து அடையாளம் காண்பது. ஓடிப்போவார்கள் என்பதைப் பதிவேடு தொடக்கத்திலேயே எதிர்பார்க்கிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் அடையாளங்களைப் படியுங்கள். கதிர் அறுப்பவர் தாளை இடக்கையில் சேர்த்துப் பிடித்து வலக்கையால் அரிவாளை இழுப்பார். ஆகவே இடக்கை விரல் தழும்புகள் திரும்பத் திரும்ப வருமானால், சாதிப் பத்தி சொல்லாத தொழிலை உடல் சொல்கிறதோ என்று கேட்கலாம். கேட்கலாம் என்றுதான் சொல்கிறேன். ஒரு தழும்பை வைத்து ஒரு வாழ்க்கையைக் கட்டிவிடுபவர்களும் இத்துறையில் உண்டு.

பதிவேட்டைப் படிக்க, அது புழங்கிய இடத்தின் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களின் கணக்கைப் படிப்பவர் செக்ரோல் என்பது அன்றாட வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் புத்தகம் என்பதையும், பேர் போடுவது என்றால் ஒரு நாள் கூலியைப் பதிவது என்பதையும், அரைப் பேர் என்றால் பாதிக் கூலி என்பதையும் அறியாமல் ஒரு பக்கத்தையும் கடக்க முடியாது. 'துண்டு' என்ற சொல்லையே பாருங்கள். ஒரு கங்காணியும் (ஆள் சேர்த்து வேலை வாங்கும் தலைவர்) அவர் ஆட்களும் தோட்டத்துக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள், அதைத் தீர்த்தால் அவர்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்கு அந்தப் பெயர். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அடுத்த தோட்டம் கடனைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொண்டது. 1921-இல் அந்த முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆங்கில நிர்வாகக் கடிதங்களிலும் இச்சொல் மொழிபெயர்க்கப்படாமல் தமிழாகவே வருகிறது. மொழிபெயர்க்காமல் விடப்பட்ட சொல் எங்கே வந்தாலும், எஜமானர்களின் மொழியில் அதற்கு இடமில்லாமல் போன ஓர் உறவு அங்கே இருக்கிறது என்று பொருள், அங்கே தோண்டுங்கள்.

நேர்காணல்

உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டறியக்கூடிய காலத்தை ஆய்வு செய்பவர் கொடுத்துவைத்தவர். அதே அளவுக்குப் பொறுப்பும் அவருக்கு உண்டு.

என் முதல் நேர்காணலை நாற்பது கேள்விகள் அச்சடித்த தாளோடு போய் எடுத்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் நூற்பாலையில் ரிங் பிரேம் என்ற நூற்பு இயந்திரத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். சங்கம், போனஸ், கதவடைப்பு என்று வரிசையாகக் கேட்டேன். ஆமாம், இல்லை, நினைவில்லை என்று வரிசையாகச் சொன்னார். தாள் முடிந்துபோன சங்கடத்தில், அறுந்த இழையை எப்படி ஒட்டுவீர்கள் என்று சும்மா கேட்டுவைத்தேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நூலைச் சுற்றிக்கொண்டு ஓடும் தண்டான கதிரை ஒரு கையால் நிறுத்துவது, பாபினிலிருந்து நுனியைத் தேடி எடுப்பது, அதை வளையத்துக்குள் நுழைப்பது, முன் உருளையிலிருந்து வரும் பஞ்சிழையோடு விரல் நுனியில் சேர்த்துவிட்டுக் கதிரை விடுவது என எல்லாவற்றையும் காற்றிலேயே செய்து காட்டினார். ஒரு இழைக்கு எத்தனை நொடி, வேகத்தைக் கூட்டியபோது எத்தனை இழை அறுந்தது, ஒருவருக்கு இத்தனை கதிர் என்பதை அத்தனை கதிர் என்று ஆக்கியபோது கை எப்படி வலித்தது, அதனால்தான் அந்த வேலைநிறுத்தம் என்று நான் கேட்காமலேயே வந்து சேர்ந்தார். வீடு திரும்பி ஒலிப்பதிவைப் போட்டால், நான்கு நிமிடத்துக்கு "இப்படி... இப்படித்தான்... அப்புறம் இப்படி" என்பது மட்டும்தான் இருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு பழக்கங்களை வைத்துக்கொண்டேன்: முதல் கேள்வி எப்போதும் வேலையைப் பற்றியது, குறிப்பேட்டில் கைகளுக்கென்று ஒரு பத்தி.

வேலையின் புலன் அனுபவம் காகிதத்தில் கிட்டத்தட்ட வருவதே இல்லை. இங்கிலாந்தின் லங்காஷையர் நெசவுக்கூடங்களில் தறிகளின் இரைச்சலில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அங்கே பெண்கள் உதடுகளை மிகைப்படுத்தி அசைத்தும் சைகை காட்டியும் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பேசிக்கொண்டார்கள்; அதற்கு மீ-மா என்று பெயரே இருந்தது. மேற்பார்வையாளரின் முதுகுக்குப் பின்னே ஒரு முழு மொழி இயங்கியிருக்கிறது. ஆலையின் எந்தப் பதிவேட்டிலும் அதற்குப் பத்தி இல்லை.

சொல்லப்படுவது தவறாக இருந்தால் என்ன செய்வது என்று மாணவர்கள் கேட்பார்கள். இதற்கு இத்தாலியின் தெர்னி நகரைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 1949 மார்ச் 17 அன்று, நேட்டோவில் இத்தாலி சேர்வதை எதிர்த்து ஆலையிலிருந்து வெளியே வந்த தொழிலாளர்கள்மீது நடந்த காவல்துறை நடவடிக்கையில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற 21 வயது உருக்காலைத் தொழிலாளி கொல்லப்பட்டார். பல பத்தாண்டுகள் கழித்து வாய்மொழி வரலாற்றாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ போர்தெல்லி அந்நகரத்தாரிடம் பேசியபோது, பலரும் அந்த மரணத்தை 1953-க்கு நகர்த்தி, பெருந்திரளான ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த தெருமோதலில் அவர் இறந்ததாகச் சொன்னார்கள். நாளிதழைக் காட்டித் திருத்திவிட்டுப் போயிருக்கலாம். போர்தெல்லி அப்படிச் செய்யவில்லை. ஏன் இத்தனை பேர் ஒரே திசையில் பிழையாக நினைவுகூர்கிறார்கள் என்று கேட்டார். ஒரு தோழர் சிறிய போராட்டம் ஒன்றில் தற்செயலாக இறந்தார் என்பதையும், அதற்குப் பதிலடி எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதையும் அந்தச் சமூகத்தால் ஏற்க முடியவில்லை. வேலை பறிபோன பெருந்துயரோடு அந்த மரணத்தைச் சேர்த்துவைத்துப் பொருள் கொடுத்துக்கொண்டது. நேர்காணலில் வரும் தேதியைக் காகிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் கடமை. ஒப்பிட்டபின் பிழையை எறிந்துவிடாமலிருப்பதும் கடமைதான்.

ஒப்புதலைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயரை மறைப்பேன் என்று வாக்குக் கொடுக்குமுன், அந்த வாக்கைக் காப்பாற்ற உங்களுக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். வட அயர்லாந்து மோதலில் பங்கெடுத்தவர்களிடம், இறக்கும்வரை வெளியிடமாட்டோம் என்று சொல்லி ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத் திட்டம் எடுத்த ஒலிப்பதிவுகளை 2011-இல் காவல்துறை நீதிமன்றம் வழியே கேட்டது. சில பதிவுகள் கையளிக்கப்பட்டன. ஆலையில் இயந்திரத்தைச் சேதப்படுத்தியதாகவோ, கருங்காலியை அடித்ததாகவோ ஒருவர் உங்களிடம் சொல்லக்கூடும். ஒலிப்பதிவை நிறுத்தச் சொல்லும் உரிமை தனக்கு உண்டு என்பதை அவர் பேசத் தொடங்குமுன்னே சொல்லிவிடுங்கள், நடுவில் அல்ல.

ஒற்றுமையைக் கருதிக்கொள்ளாதீர்கள்

இத்துறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் உழைப்பவர்மீது பற்றுள்ளவர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அந்தப் பற்று கண்ணை மறைக்கும் இடம் ஒன்று உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முறையான முதல் தொழிற்சங்கம் என்று கொண்டாடப்படுகிறது. மூன்றே ஆண்டில், 1921-இல், அதன் உறுப்பினர்கள் நிறைந்திருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் வேலைநிறுத்தம் சாதி வழியே பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன; துப்பாக்கிச் சூடு நடந்தது. நிர்வாகம் பிரித்தாண்டது என்ற ஒரு வாக்கியத்தோடு இதைத் தாண்டிவிடும் ஆய்வேடுகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நிர்வாகம் பிரிக்க முயன்றிருக்கலாம். பிரிவதற்கான கோடு முன்பே இருந்தது. வேலைக்குத் திரும்பியவரின் வீட்டில் அன்று என்ன இருந்தது, சங்கத்தில் அவர் குரலுக்கு என்ன இடம் இருந்தது என்று கேட்காமல் அவரைக் கருங்காலி என்று எழுதுவது, காவல்துறை அறிக்கை வேலைநிறுத்தக்காரரைக் கலகக்காரர் என்று எழுதுவதற்குச் சற்றும் குறைந்ததல்ல.

எழுதுவதும் வேலையும்

இதைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. தொழிலாளியின் மொழியில் ஒன்று, அவரை ஆண்டவர்களின் மொழியில் ஒன்று என இரண்டு மொழிகளாவது காப்பக அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சட்டத்தைப் படிக்கப் பழகுங்கள்: இந்தியாவில் 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வரும்வரை, வேலையை நிறுத்தும்படி தொழிலாளர்களைத் தூண்டினார் என்று சங்கத் தலைவர்மீதே வழக்குப் போட முடிந்தது என்பது தெரியாமல் அக்காலச் சங்கக் கூட்டங்களின் தயங்கிய மொழி புரியாது. சராசரிக்கும் நடுவெண்ணுக்கும் வேறுபாடு தெரியும் அளவுக்குப் புள்ளியியல் போதும், ஆனால் அது கட்டாயம் வேண்டும்.

நிரந்தரப் பணியிடம் கிடைக்க நீண்ட காலம் ஆகலாம். கௌரவ விரிவுரையாளராக, ஒரு பருவத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில், வராதவர்களுக்குப் பதிலாக அன்றன்றைக்கு எடுக்கப்படும் பதிலித் தொழிலாளர்களைப் பற்றி வகுப்பெடுத்த ஆண்டுகள் எனக்கு உண்டு. வகுப்பில் சிரிப்பு வந்தது, சம்பளம் வரவில்லை. அந்த ஆண்டுகளில் ஆய்வைப் பிடித்துவைத்துக்கொள்ள ஒரே வழி, ஒரு பெரிய நூலைக் கனவு காணாமல், ஒரு பதிவேடு அல்லது ஒரு வழக்கு அல்லது ஒரு நேர்காணலை வைத்து ஒரு கட்டுரை என்று முடித்துக்கொண்டே போவதுதான். நூல் பின்னால் அவற்றிலிருந்து வரும்.

உங்கள் வேலை கல்விக்கூடத்துக்கு வெளியேயும் பயன்படக்கூடும். ஈயம், சிலிக்கா தூசு போன்றவற்றால் நோயுற்ற தொழிலாளர்களின் வழக்குகளில், ஆபத்தை நிறுவனங்கள் எப்போதிலிருந்து அறிந்திருந்தன என்று சொல்ல அமெரிக்காவில் வரலாற்றாசிரியர்கள் நிபுணர் சாட்சிகளாக நின்றிருக்கிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உங்கள் அடிக்குறிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பார் என்ற நினைப்போடு அடிக்குறிப்பு எழுதிப் பழகுவது, நீதிமன்றத்துக்குப் போகாதவருக்கும் நல்ல ஒழுக்கம்.

சிறிய தேடல்களைத் தாழ்வாக எண்ண வேண்டாம். நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை தீப்பிடித்தபோது, வெளியேறும் கதவு ஒன்று பூட்டியிருந்ததால் தப்ப வழியின்றி மாண்டவர்கள் உட்பட 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் புலம்பெயர்ந்து வந்த இளம் பெண்கள். அந்தத் தீவிபத்தைப் பற்றி எழுதப்படாதது எதுவும் இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் ஆறு பேர் நூறு ஆண்டுகளாகப் பெயரில்லாமலே புதைந்திருந்தார்கள். பழைய நாளிதழ்களையும் இறப்பு ஆவணங்களையும் ஆண்டுக்கணக்கில் துழாவிய ஓர் ஆய்வாளர், நூற்றாண்டு நினைவு நெருங்கிய 2011-இல் அந்த ஆறு பெயர்களையும் கண்டுபிடித்தார். கோட்பாடு எதுவும் மாறவில்லை, பட்டியல் முழுமையானது.

பெட்டியை மூடுமுன்

ஆய்வு முடிந்தபின் கையிலிருப்பவற்றை என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை முதல் நாளிலிருந்தே நினைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். சேகரித்த துண்டறிக்கைகள், சம்பளச் சீட்டுகள், ஒலிப்பதிவுகள் ஆகியவை நீங்கள் எழுதிய கட்டுரைகளைவிட நெடுநாள் பயன்படும். மூலச் சீட்டை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியை வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலின் எழுத்துப்படியைப் பேசியவரிடம் படிக்கக் கொடுங்கள். எழுத்தறியாதவராக இருந்தால் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்தச் சொன்னால், முதலில் சொன்னதை அழிக்காமல், திருத்தத்தைப் பக்கத்தில் தேதியிட்டு எழுதுங்கள். இழை ஒட்டிக் காட்டியவரிடம் நான் எழுத்துப்படியை வாசித்தபோது, மூன்றாம் பக்கத்தில் நிறுத்தி, நான் வரைந்திருந்த கூடத்தின் வரைபடத்தில் தண்ணீர்ப் பானை வடக்குச் சுவரோரம் இல்லை, மேஸ்திரியின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது, தண்ணீர் குடிக்கப் போனால் அவர் கண்ணில் படாமல் போக முடியாது என்றார். அந்தத் தாளில் பானையைச் சுற்றி அவரே போட்ட பென்சில் வட்டத்தோடு, அது இப்போது நேர்காணல் எண், தேதி, யார் எப்போது பார்க்கலாம் என்ற நிபந்தனை ஆகியவை எழுதிய அட்டைப்பெட்டிக்குள் இருக்கிறது.